வலையமைப்புச் செயல்திறன் சோதனையும் யுனிக்ஸின் செயலிக் கணக்கும்

வலையமைப்புச் செயல்திறன் சோதனை நிரல் என்பது இரண்டு கணினிகளுக்கு இடையே தரவை அனுப்பி, அது எவ்வளவு வேகமாகச் சென்று சேர்கிறது என்று அளக்கும் மென்பொருள் ஆகும். டிடிசிபி, நெட்பெர்ஃப், ஐபெர்ஃப் ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. இவை தரும் முடிவுகளில் இரண்டு எண்கள் முதன்மையானவை. ஒன்று, பரிமாற்ற வேகம். மற்றொன்று, அந்த வேகத்தை எட்டுவதற்குக் கணினியின் மையச் செயலி செலவிட்ட நேரம்.

முதல் எண்ணைப் பெறுவது எளிது. சென்று சேர்ந்த பைட்டுகளைக் கடந்த நொடிகளால் வகுத்தால் போதும். இரண்டாவது எண் அப்படிப்பட்டதன்று. யுனிக்ஸ் இயங்குதளங்கள் நெடுங்காலம் செயலி நேரத்தை நேரடியாக அளக்கவில்லை. அவ்வப்போது மாதிரி எடுத்து மதிப்பிட்டே வந்தன. எந்த முறையில் மதிப்பிடுவது என்பதும் பல வேளைகளில் சோதனை நிரலைத் தொகுக்கும்போதே முடிவாகிவிட்டது. எனவே ஒரே வன்பொருளில், ஒரே சோதனைக்கு வெவ்வேறு செயலிப் பயன்பாட்டு விழுக்காடுகள் கிடைக்கக்கூடும். இந்த இடரும் அதைத் தீர்க்க எடுத்த முயற்சிகளுமே இச்சோதனை நிரல்களின் வரலாற்றில் பெரும்பகுதி.

யுனிக்ஸின் கடிகாரத் துடிப்பு

1970-களில் பிடிபி-11 கணினியில் இயங்கிய யுனிக்ஸ், மின்சாரத்தின் அலைவெண்ணைக் கொண்டே காலத்தைக் கணக்கிட்டது. அமெரிக்காவில் நொடிக்கு 60 முறை கடிகாரக் குறுக்கீடு வந்தது. ஒவ்வொரு முறையும் கருனி ஒரு கேள்வியை மட்டும் கேட்டது: இந்தக் கணத்தில் செயலி என்ன செய்துகொண்டிருக்கிறது? பயனரின் நிரல் ஓடிக்கொண்டிருந்தால் பயனர் நேரத்தில் ஒரு துடிப்பு கூடும். அந்த நிரலுக்காகக் கருனி வேலை செய்துகொண்டிருந்தால் அமைப்பு நேரத்தில் ஒரு துடிப்பு கூடும். எதுவும் ஓடவில்லை என்றால் அது ஓய்வு நேரம்.

ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே என்ன நடந்தது என்பது இந்தக் கணக்கில் வராது. துடிப்பின்போது யார் கண்ணில் பட்டாரோ அவர் பெயரிலேயே அந்த இடைவெளி முழுவதும் எழுதப்படும். இது எளிய முறை. அன்றைய மெதுவான கணினிகளுக்கு இதைவிட நுட்பமாகக் கணக்கு வைப்பது பெரும் சுமையாக இருந்திருக்கும். டைம் கட்டளை காட்டும் மெய் நேரம், பயனர் நேரம், அமைப்பு நேரம் என்ற பகுப்பில் பின்னிரண்டும் இந்தத் துடிப்புகளிலிருந்தே வந்தன. விஎம்ஸ்டாட், 1984-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த வில்லியம் லெஃபெப்வர் எழுதிய டாப் போன்ற கருவிகளும் கருனி வைத்திருந்த இதே கணக்கைத்தான் எடுத்துக் காட்டின.

பின்னர் வந்த பல யுனிக்ஸ்களில் துடிப்பு நொடிக்கு 100 ஆனது. அதாவது 10 மில்லிநொடிக்கு ஒரு மாதிரி.

பெர்க்லியும் பிபிஎன்னும்

வலையமைப்புச் சோதனை ஒரு பெரிய முடிவைத் தீர்மானித்த தொடக்ககால நிகழ்வு 1980-களின் நடுவில் நடந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா அமைப்பு, யுனிக்ஸுக்கான டிசிபி/ஐபி நெறிமுறை நிரலை எழுதும் பொறுப்பை போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் என்ற பிபிஎன் நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. அதன் தொடக்கப் பதிப்பைப் பெற்ற பெர்க்லியின் பில் ஜாய், ஈதர்நெட் போன்ற வேகமான இணைப்புகளுக்கு ஏற்ப அதைப் பெருமளவு மாற்றினார். 1983-இல் வெளியான 4.2 பிஎஸ்டி யுனிக்ஸில் பெர்க்லியின் வடிவமே இடம்பெற்றது. பிபிஎன்னும் தன் நிரலைத் தொடர்ந்து மேம்படுத்தியது. அடுத்த வெளியீடான 4.3 பிஎஸ்டியில் யாருடைய நிரல் இடம்பெற வேண்டும் என்ற பூசல் எழுந்தது.

இரு தரப்பையும் சாராத சோதனையாளராக அமெரிக்கத் தரைப்படையின் பாலிஸ்டிக் ஆய்வகத்தைச் சேர்ந்த மைக் மூஸ் ஏற்கப்பட்டார். 1983-இல் பிங் நிரலை எழுதியவர் இவரே. பெர்க்லி குழுவைச் சேர்ந்த கிர்க் மெக்கூசிக் பின்னாளில் எழுதிய வரலாற்றின்படி, பெர்க்லியின் நிரல் திறன்மிக்கதாகவும் பிபிஎன்னின் நிரல் நெரிசலான இணைப்புகளைச் சிறப்பாகக் கையாள்வதாகவும் சோதனையில் தெரிந்தது. பெர்க்லியின் நிரல் எல்லாச் சோதனைகளையும் தடையின்றிக் கடந்தது. பிபிஎன்னின் நிரல் கடும் சுமையின்போது சில நிலைகளில் கணினியையே நிலைகுலையச் செய்தது. அதுவே முடிவைத் தீர்மானித்தது. 1986-இல் 4.3 பிஎஸ்டி பெர்க்லியின் நிரலுடன் வெளிவந்தது. பல நிறுவனங்களின் யுனிக்ஸ்கள் அதிலிருந்து தம் வலையமைப்புப் பகுதியை எடுத்துக்கொண்டன.

இதே காலத்தில் மூஸும், அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தின் டெர்ரி ஸ்லாட்டரியும் எழுதிய நிரல் டிடிசிபி. அது ஒரு முனையில் செயற்கையான தரவை உருவாக்கி அனுப்பும். மறுமுனையில் வாங்கி எறிந்துவிடும். வட்டு, கோப்பு எதுவும் குறுக்கே வராததால் வலையமைப்பின் வேகம் மட்டும் தெரியும். பொதுவுடைமையாக விடப்பட்ட இந்தச் சிறு நிரலைப் பலரும் எடுத்து மாற்றி வளர்த்தனர். 1989-இல் சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தில் நடந்த மாற்றங்களும், பின்னாளில் வந்த நட்டிசிபியும் இந்த வழியில் வந்தவை.

தொகுக்கும்போது முடிவாகும் எண்

டிடிசிபியின் மூல நிரல் ஒரே கோப்பு. அதைத் தொகுக்க முன்வருபவர் தம் கணினி எந்த யுனிக்ஸ் என்று தொகுப்பிக்குச் சொல்ல வேண்டும். பிஎஸ்டி வழி வந்த கணினி என்றால், செயலி நேரத்தை அறிய கெட்ஆர்யூசேஜ் என்ற கருனி அழைப்பு பயன்படும். சிஸ்டம் ஃபைவ் வழி வந்த கணினிகளில் அந்த அழைப்பு இல்லை. எனவே அங்கே டைம்ஸ் என்ற பழைய அழைப்பைக் கொண்டு அதே பெயரில் ஒரு மாற்றுச் செயற்கூறு நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது.

டைம்ஸ் அழைப்பு நொடிகளைத் தருவதில்லை. துடிப்புகளின் எண்ணிக்கையைத் தருகிறது. அதை நொடியாக மாற்ற, ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது தெரிய வேண்டும். அந்த எண் தொகுக்கும்போதே நிரலுக்குள் பதிந்துவிடும். நொடிக்கு 100 துடிப்புள்ள கணினியில் 60 என்ற மதிப்புடன் தொகுத்தால், நிரல் பிழையின்றி ஓடும். பரிமாற்ற வேகமும் சரியாக இருக்கும். செயலி நேரம் மட்டும் உண்மையைவிட ஏறத்தாழ 1.67 மடங்காகத் தெரியும். எச்சரிக்கை எதுவும் வராது.

அந்நாளில் ஒரு நிரலை வேறொரு யுனிக்ஸுக்குக் கொண்டுசெல்வது இப்படிப்பட்ட பல சிறு முடிவுகளைக் கொண்டிருந்தது. சோலாரிஸில் சாக்கெட் அழைப்புகள் அடிப்படை நூலகத்தில் இல்லாததால் சாக்கெட், என்எஸ்எல் ஆகிய இரு நூலகங்களைத் தனியே இணைக்க வேண்டியிருந்தது. அதை மறந்தால் இணைப்பி உடனே பிழை காட்டும், திருத்திக்கொள்ளலாம். செயலிக் கணக்கு முறையைத் தவறாகத் தேர்ந்தால் பிழை தெரியாது. தவறான எண் மட்டும் அறிக்கையில் ஏறிவிடும்.

கணக்கில் வராத வேலை

சரியாகத் தொகுக்கப்பட்ட நிரலிலும் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. வலையமைப்பு அட்டைக்கு ஒரு பொதி வந்தவுடன் செயலிக்குக் குறுக்கீடு எழும். அப்போது எந்த நிரல் ஓடிக்கொண்டிருந்ததோ அதை நிறுத்திவிட்டு, கருனி அந்தப் பொதியை எடுத்து நெறிமுறை வேலைகளைச் செய்யும். இந்த நேரம் அந்தப் பொதிக்கு உரிய நிரலின் கணக்கில் சேர வேண்டும். ஆனால் வழக்கமான யுனிக்ஸில் அது குறுக்கீட்டின்போது தற்செயலாக ஓடிக்கொண்டிருந்த நிரலின் கணக்கில் சேர்ந்தது. பெறும் நிரல் தரவுக்காகக் காத்து உறங்கும்போது பொதி வந்தால், அந்த வேலை எந்த நிரலின் கணக்கிலும் சேராது. ஆகவே கெட்ஆர்யூசேஜ் வழியாகத் தன் செலவைக் கேட்கும் சோதனை நிரலுக்கு உண்மையைவிடக் குறைந்த எண்ணே கிடைக்கும்.

பீட்டர் டிரஷலும் கௌரவ் பங்காவும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கணக்குப் பிசகைச் சுட்டிக்காட்டி, பெறும் நிரலின் கணக்கிலேயே அவ்வேலையைச் செய்யும் கருனி அமைப்பை முன்வைத்தனர். அதே ஆண்டில் ஜெஃப்ரி மோகலும் கே. கே. இராமகிருஷ்ணனும் இதன் உச்ச நிலையை விவரித்தனர். பொதிகள் மிகுந்து வந்தால் கணினி முழு நேரமும் குறுக்கீடுகளைக் கவனிப்பதிலேயே கழியும். பயனரின் நிரலுக்கு ஒரு பொதியும் போய்ச் சேராது. செயலி முழுவதும் செலவாகும்; பயனுள்ள வேலை எதுவும் நடந்திராது.

மாதிரி எடுக்கும் முறையிலும் சிக்கல் இருந்தது. ஒரு நிரல் கடிகாரத் துடிப்பாலேயே எழுப்பப்பட்டு, அடுத்த துடிப்புக்கு முன்பே வேலையை முடித்து உறங்கிவிட்டால், அது எப்போதும் கண்ணில் படாது. ஸ்டீவன் மக்கேனும் கிறிஸ் டோரெக்கும் 1993-இல் இதற்கு ஒரு தீர்வு சொன்னார்கள். காலத்தைக் காட்ட ஒரு கடிகாரமும், மாதிரி எடுக்கச் சீரற்ற இடைவெளியில் துடிக்கும் மற்றொரு கடிகாரமும் வேண்டும் என்பதே அது. இந்த எண்ணம் 4.4 பிஎஸ்டியில் இடம்பெற்றது. இந்த ஓட்டை எல்லா இயங்குதளங்களிலும் அடைபட்டுவிடவில்லை. துடிப்புகளுக்கு இடையே ஒளிந்து ஓடும் நிரல், செயலியின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டும் கணக்கில் தெரியாமல் இருக்க முடியும் என்று 2007-இல் டான் சாஃப்ரிர், யோவ் எட்சியன், டிரோர் ஃபைட்டல்சன் ஆகியோர் செய்து காட்டினர்.

வலையமைப்பின் வேகம் கூடியதும் இந்த இடைவெளியின் அளவு தெளிவாகிறது. 1500 பைட் பொதியை அனுப்ப 10 மெகாபிட் ஈதர்நெட்டில் ஏறத்தாழ 1.2 மில்லிநொடி ஆகும். ஒரு துடிப்பு இடைவெளியில் 8 பொதிகள் செல்லலாம். கிகாபிட் இணைப்பில் அதே 10 மில்லிநொடியில் 800-க்கும் மேற்பட்ட பொதிகள் வந்து போய்விடும். அவற்றையெல்லாம் குறித்துக் கருனி எடுப்பது ஒரே ஒரு மாதிரி.

நெட்பெர்ஃப்

1990-களின் தொடக்கத்தில் ஹியூலட்-பேக்கர்ட் நிறுவனத்தின் வலையமைப்புப் பிரிவில் ரிக் ஜோன்ஸ் எழுதிய நெட்பெர்ஃப், செயலிக் கணக்கை ஓர் ஓரக் குறிப்பாக விடாமல் சோதனையின் மையத்துக்குக் கொண்டுவந்தது. இதில் இரண்டு நிரல்கள் உண்டு. நெட்சர்வர் என்பது மறுமுனைக் கணினியில் காத்திருக்கும். நெட்பெர்ஃப் என்பது அதனுடன் தனியொரு கட்டுப்பாட்டு இணைப்பை ஏற்படுத்தி, சோதனையைத் தொடங்கி, இரு முனைகளின் முடிவுகளையும் திரட்டும். தொடர்ந்து தரவைக் கொட்டும் சோதனையும், ஒரு பைட் கேள்விக்கு ஒரு பைட் பதில் என்று மாறி மாறி அனுப்பும் சோதனையும் இதில் பெரிதும் பயன்படுபவை. சிறிய சி என்ற விருப்பம் உள்ளூர்க் கணினியின் செயலிப் பயன்பாட்டையும், பெரிய சி மறுமுனையின் பயன்பாட்டையும் கேட்கும்.

நெட்பெர்ஃப் தன் சொந்தச் செயலி நேரத்தை மட்டும் கேட்பதோடு நின்றுவிடவில்லை. கணினி முழுவதும் எவ்வளவு நேரம் ஓய்வாக இருந்தது என்று கேட்டது. ஓய்வாக இல்லாத நேரமெல்லாம் செலவு. குறுக்கீட்டு வேலை யாருடைய பெயரில் எழுதப்பட்டாலும் இந்தக் கணக்கில் வந்துவிடும்.

ஓய்வு நேரத்தை அறியும் வழி ஒவ்வொரு யுனிக்ஸிலும் வேறுபட்டது. எச்பி-யூஎக்ஸில் பிஸ்டாட், சோலாரிஸில் கேஸ்டாட், லினக்ஸில் ப்ராக் கோப்பமைப்பின் ஸ்டாட் கோப்பு என்று தனித்தனி வழிகள் இருந்தன. தொடக்ககாலப் பதிப்புகளில் பயனர் மேக்ஃபைல் என்ற கோப்பைத் திறந்து, தம் இயங்குதளத்துக்கு உரிய வரியைத் தேர்ந்து தொகுக்க வேண்டும். பிந்தைய பதிப்புகளில் கான்ஃபிகர் நிரல் இதைத் தானே கண்டறிகிறது. வேண்டுமென்றால் பயனர் வேறு முறையைக் கேட்கலாம். எந்த முறையில் அளக்கப்பட்டது என்பதை வெளியீட்டின் தலைப்பிலேயே ஓர் எழுத்து சொல்கிறது. லினக்ஸின் ஸ்டாட் கோப்பிலிருந்து எடுத்திருந்தால் விழுக்காட்டுக் குறியை அடுத்து எஸ் என்று இருக்கும். அளக்காத இடத்தில் -1.00 என்ற எண் வரும். இதைச் செயலி எதுவும் செலவாகவில்லை என்று பொருள்கொள்ளக்கூடாது.

நம்பத்தக்க கணக்கு எதுவும் தராத இயங்குதளங்களுக்காக லூப்பர் என்ற முறை இருந்தது. ஒவ்வொரு செயலிக்கும் ஒரு சிறு நிரல், மிகக் குறைந்த முன்னுரிமையில் இடைவிடாது எண்ணிக்கொண்டே இருக்கும். வேறு வேலை எதுவும் இல்லாதபோது அது நொடிக்கு எவ்வளவு எண்ணுகிறது என்று முதலில் அளக்கப்படும். சோதனை நடக்கும்போது அந்த எண்ணிக்கை 70 விழுக்காடாகக் குறைந்தால், மீதி 30 விழுக்காடு நேரம் வலையமைப்புக்குப் போயிருக்கிறது என்று பொருள். கருனியின் கணக்கை நம்பாமலேயே செலவை அறியும் வழி இது. இதற்கும் விலை உண்டு. எண்ணும் நிரலே செயலியின் இடைமாற்று நினைவகத்தில் பங்கெடுத்துக்கொள்ளும். முதல் அளவீட்டின்போது கணினி உண்மையிலேயே ஓய்வாக இல்லாவிட்டால் பின்வரும் எண்கள் அனைத்தும் தவறும்.

பணிச்செலவு

நெட்பெர்ஃப் வெளியிடும் மற்றோர் எண் பணிச்செலவு. ஒரு கிலோபைட் தரவை அனுப்பவோ பெறவோ எத்தனை மைக்ரோநொடி செயலி நேரம் ஆனது என்பதே அது. கேள்வி-பதில் சோதனையில் ஒரு பரிமாற்றத்துக்கு எத்தனை மைக்ரோநொடி என்று வரும்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். கிகாபிட் ஈதர்நெட்டில் வழக்கமான பொதி அளவுடன் டிசிபி எட்டக்கூடிய உச்ச வேகம் நொடிக்கு ஏறத்தாழ 941 மெகாபிட். மீதி, தலைப்புகளுக்கும் பொதிகளுக்கு இடையிலான இடைவெளிக்கும் போகிறது. இரண்டு வலையமைப்பு அட்டைகள் இரண்டும் 941 என்று காட்டுவதாகக் கொள்வோம். வேகத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஒற்றைச் செயலிக் கணினியில் முதல் அட்டை 20 விழுக்காட்டையும், இரண்டாவது 60 விழுக்காட்டையும் எடுத்துக்கொண்டால், பணிச்செலவு முறையே கிலோபைட்டுக்கு 1.74, 5.22 மைக்ரோநொடி என்று வரும். இரண்டாவது அட்டையை வாங்கியவருக்கு இணைப்பு வேகம் கிடைக்கும். தரவுத்தளத்தையோ வலைவழங்கியையோ ஓட்டச் செயலியில் பாதிகூட மிஞ்சாது.

1989-இல் டேவிட் கிளார்க், வான் ஜேக்கப்சன் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வும் இதனோடு தொடர்புடையது. டிசிபி நெறிமுறையின் விதிகள் செயலிக்குப் பெரிய சுமையல்ல என்றும், தரவை நினைவகத்தில் நகலெடுப்பது, பிழைசரி கூட்டல், இயங்குதளத்தின் பிற வேலைகள் ஆகியவையே சுமை என்றும் அவர்கள் காட்டினர். பிழைசரி கூட்டலையும் பொதி பிரிப்பதையும் அட்டையிடமே ஒப்படைக்கும் பிற்கால முறைகள் இந்தச் செலவைக் குறைப்பதற்காக வந்தவை. அவற்றின் பயன் பல வேளைகளில் வேகத்தில் தெரியாது, பணிச்செலவில்தான் தெரியும்.

பல கருக்களும் மாறும் வேகமும்

ஒரு கணினியில் பல செயலிக் கருக்கள் வந்தபின் விழுக்காட்டின் பொருள் மேலும் குழம்பியது. எட்டுக் கருக்கள் உள்ள கணினியில் சராசரிப் பயன்பாடு 12.5 விழுக்காடு என்றால், கணினி பெரும்பாலும் ஓய்வாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் ஒரே கரு முழுதாக நிரம்பி, மற்ற ஏழும் சும்மா இருந்தாலும் சராசரி அதுவே. வலையமைப்புக் குறுக்கீடுகள் எல்லாம் ஒரே கருவுக்குச் சென்றால் இதுதான் நடக்கும். வேகம் அதற்கு மேல் ஏறாது. காரணமும் சராசரியில் தெரியாது. மிக அதிகமாக நிரம்பிய கருவின் பயன்பாட்டைத் தனியே காட்டும் வசதி நெட்பெர்ஃபின் பிந்தைய பதிப்புகளில் சேர்க்கப்பட்டது.

மின்சாரத்தைச் சேமிக்கச் செயலி தன் கடிகார வேகத்தைக் குறைத்துக்கொள்வது மற்றொரு குழப்பம். பாதி வேகத்தில் ஓடும் செயலி 60 விழுக்காடு நிரம்பியிருப்பதும் முழு வேகத்தில் ஓடும் செயலி 60 விழுக்காடு நிரம்பியிருப்பதும் ஒன்றல்ல. ஒரே கருவை இரண்டு செயலிகளாகக் காட்டும் முறையில், ஒரு பாதி நிரம்பினால் 50 விழுக்காடு மிச்சம் என்று கணக்கு சொல்லும். உண்மையில் அவ்வளவு மிச்சம் இருக்காது.

கணக்கு முறையும் இதற்கிடையே திருந்தியது. லினக்ஸின் 2.6 பதிப்பு, குறுக்கீட்டு நேரத்தை அமைப்பு நேரத்திலிருந்து பிரித்துத் தனியே காட்டியது. 2005-இல் வெளியான சோலாரிஸ் 10, துடிப்புகளை நம்பாமல் ஒவ்வொரு நிலைமாற்றத்தின் நேரத்தையும் குறித்துவைக்கும் முறையை இயல்பாகவே இயக்கியது.

ஐபெர்ஃப்

1990-களின் இறுதியில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மீக்கணினி மையத்தில் எழுதப்பட்ட ஐபெர்ஃப், பயன்படுத்த எளிதாக இருந்ததால் பெரிதும் பரவியது. எனர்ஜி சயன்ஸ் நெட்வொர்க் குழு புதிதாக எழுதிய ஐபெர்ஃப்3 2014-இல் வெளிவந்தது. இதுவும் செயலிப் பயன்பாட்டைக் காட்டுகிறது. ஆனால் அது சோதனை நிரலின் சொந்தச் செயலி நேரம். நெட்பெர்ஃப் காட்டுவதோ கணினி முழுவதன் செலவு. நிரலின் கணக்கில் சேராத குறுக்கீட்டு வேலை முன்னதில் இல்லை, பின்னதில் உண்டு. எனவே இவ்விரண்டின் விழுக்காடுகளை அருகருகே வைத்து ஒப்பிடுவது பொருந்தாது. மேலும் ஐபெர்ஃப்3 2023 வரை ஒரே இழையில் இயங்கியது. பல இணைப்புகளைக் கேட்டாலும் வேலை முழுவதையும் ஒரே கரு சுமந்தது. மிக வேகமான இணைப்புகளில் அது காட்டிய வேகம் சில வேளைகளில் அந்த ஒரு கருவின் எல்லையாகவே இருந்தது.

எண்ணைப் படிக்கும் முறை

இந்த வரலாற்றிலிருந்து சோதனை செய்வோர் கைக்கொள்ளும் சில வழக்கங்கள் உருவாயின. வேகத்தோடு செயலிச் செலவையும், அது எந்த முறையில் அளக்கப்பட்டது என்பதையும் குறித்துவைப்பது முதலாவது. நிரலின் பதிப்பு, தொகுத்தபோது தேர்ந்த விருப்பங்கள், கருக்களின் எண்ணிக்கை ஆகியவையும் அதனுடன் சேர வேண்டும்.

சோதனையின் நீளமும் கவனிக்கத்தக்கது. நெட்பெர்ஃபின் இயல்பான சோதனை 10 நொடி. நொடிக்கு 100 துடிப்பு என்றால் ஒரு கருவுக்கு 1000 மாதிரிகளே கிடைக்கும். உண்மைப் பயன்பாடு 20 விழுக்காடு என்றால், தற்செயலால் மட்டுமே முடிவு 17.5-க்கும் 22.5-க்கும் இடையே எங்கும் விழலாம். ஆகவே 19 காட்டிய அட்டை 21 காட்டிய அட்டையைவிடச் சிறந்தது என்று ஒரே ஓட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. நெட்பெர்ஃபில் நம்பக இடைவெளியைக் கேட்டுச் சோதனையைத் திரும்பத் திரும்ப நடத்தும் வசதி இதற்காகவே வைக்கப்பட்டது. வேண்டிய அளவு துல்லியம் கிடைக்காவிட்டால் நிரல் ஓர் எச்சரிக்கையை அச்சிடும். வேக எண் கண்ணில் பட்டதும் அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் விடுவது சோதனையாளர்களிடம் பரவலாகக் காணப்படும் தவறு.